நாற்பது யூரோ, நல்ல நிலை

விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தேன்.
விளக்கை அணைத்துவிட்டுப் படமெடுத்ததைப் போடவில்லை.

வாங்குகிறவர் வருவது நான்கு மணிக்கு.
இப்போது ஒன்றரை.
குளியலறைத் தரையில், பழைய போர்வைமேல்
ஒருக்களித்துக் கிடக்கிறது மீன்தொட்டி.
விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை உள்ளே
ஒரு வெள்ளைக் கோடு.
அதற்குக் கீழே இன்னொன்று.
அதற்கும் கீழே, தடித்து,
நான் ஊரில் இல்லாத ஓர் ஆகஸ்ட்.

ஆவியாகிப் போகிற தண்ணீர்
எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை.
சுமந்துவந்த சுண்ணாம்பையெல்லாம்
கண்ணாடியிடம் ஒப்படைத்துவிட்டுக்
கைவீசிப் போய்விடுகிறது.
எறும்பு ஊர ஊரக் கல் தேய்கிற இடம் எங்கோ இருக்கலாம்.
வூர்ட்ஸ்பர்க்கில் நீர் ஊற ஊறக் கல் வளர்கிறது.

என் தொழில் பல் சுத்தம் செய்வது.
ரயிலடிக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடி,
டாக்டர் ஹோஃப்மொக்கலிடம்
பத்தொன்பது வருஷமாகப்
பிறர் வாயில் காரை சுரண்டுகிறேன்.
தினம் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தால்
இது இவ்வளவு தூரம் வந்திருக்காதே
என்பேன்,
வாயைத் திறந்து வைத்திருப்பதால்
பதில் சொல்ல முடியாதவர்களிடம்.
தொட்டியும் வாய் திறந்துதான் கிடக்கிறது.
என்னை ஒன்றும் சொல்லவில்லை.

வினிகரில் நனைத்த காகிதத் துவாலையைக்
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோல் போட்டு
அரைமணி காத்திருந்தேன்.
பொடிப்பொடியாய் நுரை. காதை வைத்தால் சின்னச் சீறல்.
பிறகு தகடு.
சாய்த்துப் பிடிக்க வேண்டும், நிமிர்த்தினால் கீறிவிடும்.
மூலையில் சிலிக்கான் ஒட்டு வந்ததும்
கை தானாக நின்றது:
ஈறு.

முதல் கோடு மாவாய் உதிர்ந்தது.
இரண்டாவது செதில் செதிலாக.
ஆகஸ்ட் அசையவில்லை.
எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றினேன்.
அசையவில்லை.

திராட்சைக் குன்றுகளுக்கு அடியில் கல்,
கல் முழுக்கச் சிப்பி;
ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்தது
என்று பள்ளியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.
மழை அதை மெல்லக் கரைத்துக்
குழாய் வழியே வீட்டுக்கு அனுப்புகிறது.
கெட்டிலில் ஒரு கடல். ஷவரின் துளைகளில் ஒரு கடல்.
சவரத் தகட்டோடு நான் மல்லுக்கட்டுவது
யாரோடு என்று உறைத்தபோது
முழங்கால் மரத்துப் போயிருந்தது.

மணி அடித்தது, பத்து நிமிஷம் முன்னதாகவே.
யோரிண்டே ஷ்லெரெத், மழலைப் பள்ளி ஆசிரியை,
வாசலில் சைக்கிள், அதன் பின்னால் இழுவண்டி.
கறையை மறைத்துக்கொண்டு நின்றேன்.
குனிந்தாள். மோந்தாள்.
“வினிகரா?”
“மூன்று முறை கழுவிவிடுகிறேன், மீனுக்கு ஒன்றும்…”
“மீன் இல்லை. நத்தை.
உள்ளங்கை அகலத்தில் ஆறு. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு.”

ஆகஸ்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.
“இதையா சுரண்டினீர்கள்?
ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமென்று
கணவாய் ஓடு காசுகொடுத்து வாங்கிப் போடுகிறேன்.
இதை விட்டால் ராத்திரி முழுக்க அராவும்.
நத்தைக்கு நாக்கிலேதான் பல், தெரியுமா,
ஆயிரக்கணக்கில்.”

தெரியாது.
தொழில்முறையில் கொஞ்சம் ஆடிப்போனேன்.

சிப்பி கல்லாகி, கல் நீராகி,
நீர் கறையாகி,
கறை இனி ஓடாகப் போகிறது;
நடுவில் புகுந்து இரண்டு கோட்டைக் கெடுத்தவன் நான்.
நாற்பதை எண்ணித் தந்தாள்.
கோட்டுக்கு இரண்டரை வீதம்
ஐந்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏனென்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

நான்காவது முறையும் கழுவி, துடைத்து,
இழுவண்டியில் கட்டினோம்.
தெரு அங்கே சரிவு.
ஒரு தண்ணீர்மட்டம்
சாய்ந்தபடியே இறங்கிப் போவதை
அன்றுதான் பார்த்தேன்.