மூச்சு விடாதே

"ஆரிட்டையும் மூச்சு விடாதே" என்றார்
நீதிமன்றப் படி இறங்கும்போது.
விடவில்லை.
அக்காவிடம் இல்லை, கோயிலில் இல்லை,
லண்டனிலிருந்து ஞாயிறுதோறும் அழைக்கும் மச்சாளிடமும் இல்லை.

விடியப்புறம் ஐந்து இருபதுக்குக்
காரிடம் மட்டும் விடுகிறேன்.

டான்டினோங்கின் ஜூலைக் குளிரில்
கருவி சூடேறும்வரை காத்திருக்க வேண்டும்.
பிறகு, ஊது என்னும்.
சும்மா ஊதினால் ஏற்காது,
ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனக வேண்டும்
பல்வலிக்காரி மாதிரி.
குட்டிக் கமரா படம் பிடிக்கும்:
எண்ணெய் வைத்த தலை, முதியோர் இல்லத்துச் சீருடை,
உதட்டில் குழாய்.
பூச்சியம் என்று கண்ட பிறகுதான்
இஞ்சின் மனமிரங்கும்.

பியர் நுரையைக்கூடத் தொட்டறியாத வாய் இது.
ஒரு கார்தான் எங்களுக்கு.
தண்டனை அவர் பெயரில்,
மூச்சு என் கணக்கில்.

அபராதம், வழக்கறிஞர், பொருத்துகூலி,
கருவிக்கு மாதவாடகை,
கூட்டிப் பார்த்தேன் ஒருநாள்
மின்கட்டண உறையின் முதுகில்.
ஊதாரி என்ற சொல்
எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன்.
உறையைக் கிழித்துப் போட்டேன்.

பாண் தின்ற வாயோடு ஊதக்கூடாதாம், ஈஸ்ட் இருக்கிறதாம்.
வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஆகாது.
பச்சைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு
வெறும் வயிற்றோடு ஓடுகிறேன்.
ஒரு பிழை பதிவானால்
மாதங்களை முதலிலிருந்து எண்ணுவார்களாம்.
அதைச் சொல்லும்போது அவர்
என் முகத்தைப் பார்க்கவில்லை,
என் செருப்பைப் பார்த்தார்.

அன்றிரவு,
கீஸ்பரோ மண்டபத்தில் யாரோ பிள்ளையின் சாமத்தியவீடு.
திரும்பி வரும்போது பின்சீட்டில் ஆரபி
தலைப்பூ கசங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
செல்ட்னம் வீதியில் நீல வெளிச்சம்,
பொலிஸ் பேருந்து, வரிசையாய்க் கார்கள்.
கருவியை நீட்டி
ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னாள் பொலிஸ்காரி.
ஏழுவரை ஆங்கிலத்தில் எண்ணினார்.
எட்டிலிருந்து தமிழ்.

புள்ளி ஒன்று ஒன்று இரண்டு.

ஒருத்தரையும் இடிக்கவில்லை, அதைத்தான்
திரும்பத் திரும்பச் சொல்கிறார்.
நான் திரும்பத் திரும்ப நினைப்பது வேறு.
மண்டப வாசலில்
சாவி என் கைப்பைக்குள் இருந்தது.
கை நீட்டினார்.
அவருடைய நண்பர்கள் நாலைந்து பேர்
பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
கொடுத்தேன்.

நீதவான் வாசித்த தாளில்
அதற்கு ஒரு பிரிவும் இல்லை.

நேற்று லோஜினிக்குப் பஸ் தவறிவிட்டது.
எங்கள் தளத்திலேயே வேலை, இரண்டு வருஷப் பழக்கம்,
மழை வேறு.
வழியில் ஏற்றிக்கொண்டேன்.
ஏற்கெனவே ஊதியாயிற்று என்ற தைரியம்.
ஹீதர்டன் வீதியில் பீப், பீப்.
ஓடும்போதும் கேட்கும் அது, தனக்குத் தோன்றிய நேரம்.

ஓரங்கட்டினேன்.
குழாயைக் கையில் எடுத்து
"ஆஸ்துமா" என்றேன்.

லோஜினி வைப்பர் ஆடுவதைப் பார்த்தாள்.
குழாயைப் பார்த்தாள். சுருட்டை வயரைப் பார்த்தாள்.
கமரா இருக்கும் இடத்தை,
நான் காட்டாமலே, சரியாகப் பார்த்தாள்.
தன் முக்காட்டை அதற்காகச் சரிசெய்துகொண்டாள்.

"எங்கட வீட்டிலயும் போன வருஷம்
இதே ஆஸ்துமாதான்" என்றாள்.
"ஏழு மாசம்.
நடுவில ஒருக்கா அவருக்குக் கூடிப்போச்சு,
திரும்ப முதலில இருந்து."

யார் முதலில் சிரித்தது, தெரியாது.
ஊதல் பாதியில் உடைந்து
குழாயில் எச்சில் தெறித்தது.
படம் மட்டும் பிடித்துவிட்டது கமரா.
எங்கேயோ ஒரு கோப்பில், அவர் பெயரின் கீழ்,
வாய் பிளந்த இரண்டு பெண்கள்.

மூச்சுப் போதாது என்றது கருவி.
மறுபடி ஊது.