லோரி இல்லாத வழி: இந்துராணிக்கு

சிரம்பானிலிருந்து வருகிறாய், ஆறரைக்குள் வந்துவிடு.
காரைச் சீனர் டயர் கடை முன்னால் நிறுத்தலாம்,
ஞாயிற்றுக்கிழமை அவர் திறப்பதில்லை.
சைக்கிளை இறக்கியதும் டயரில் காற்றைக் குறை.
சடக்குக்கு அடித்த காற்று
செம்மண்ணுக்கு ஆகாது,
பல்லெல்லாம் ஆடும்.

முதல் அறுநூறு மீட்டர் பெரிய சடக்குதான்.
அதைத் தவிர்க்க மூன்று மாதம் வழி தேடினேன்.
இல்லை.
வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓட்டு.
மணல் லோரி கடந்து போனபின்
ஒரு காற்று உன்னை உள்ளே இழுக்கும்,
அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுவை.
மூன்றாவது மின்கம்பத்தில்தான்
என் முழங்கை போனது.
லோரியின் பக்கக் கண்ணாடி.
ஓட்டி வந்த பையன் இறங்கி
என்னைவிட அதிகம் அழுதான்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
என் தண்ணீர்ப் புட்டியை அவன்தான் குடித்தான்.

பிறகு வலது பக்கம், பலகை:
ஆட்லிங்டன் தோட்டம்.
ஊரில் யாரிடமாவது வழி கேட்டால்
ஆட்டுலிங்கம் என்று கேள்,
அப்போதுதான் தெரியும்.
அந்தப் பெயரில் இங்கிலாந்தில் ஓர் ஊர் இருக்கிறதாம்.
ஆஸ்பத்திரியில் கைக்குத் தகடு வைத்துப் படுத்திருந்தபோது
போனில் தேடினேன்.
அந்தப் பக்கமெல்லாம் ரயிலை நிறுத்திவிட்டுத்
தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச்
சரளை கொட்டியிருக்கிறார்கள்,
சைக்கிளுக்கு மட்டும்.
தூறல், வேலி, ஆடு, நனைந்த ஒரு கிழவர்.
நிஜமாகவே ஆடு!
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

தடுப்புக் கம்பத்தில் டம்பர் சிங் இருப்பார், நேப்பாளி.
நோட்டில் பெயர், ஐ.சி. எண், நேரம், நோக்கம்.
நோக்கத்தில் என்ன எழுதுவது?
முதல் நாள் வெகுநேரம் பேனாவோடு நின்றேன்.
உறவினர் இல்லை, வேலை இல்லை,
மீன் பிடிக்கவும் இல்லை.
காற்று வாங்க, என்று தமிழிலேயே எழுதினேன்.
அவர் தலையாட்டிக் கம்பத்தைத் தூக்கினார்.

இனி லோரி இல்லை.
ஞாயிறு குலை வெட்டு கிடையாது.
ஆலையிலிருந்து வந்த கொட்டை ஓடு
பாதையெங்கும் கொட்டிக் கிடக்கும்,
முறுக்குக் கடிப்பதுபோல் சக்கரம் பேசும்.
ஆந்தைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வா.
ஏழாவது பெட்டியில் இடது.
எட்டாவது சாய்ந்து கிடக்கும், அதை எண்ணாதே.
மட்டை அடுக்கிய நிரைக்குள் மட்டும் இறங்காதே,
செம்பனை முள் டயரைக் கேட்டுவிட்டு ஏறாது.
ஓரத்தில் மஞ்சள் பூச்செடிகள்:
புழுவைத் தின்னும் குளவிக்காக நட்டவை,
நமக்காக இல்லை.
இருந்தாலும் பார்த்துக்கொள்.

பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே
ஒரு மேடு இருக்கிறது.
அங்கே என் தகடு
சரளையின் அளவைச் சொல்லும்:
இது பட்டாணி, இது புளியங்கொட்டை,
இது மாநகர் மன்றம் மறந்த கல்.
ஏறி நின்றதும் முதலில் கேட்பது
உன் மூச்சு.
அப்புறம் சங்கிலி சொட்டும் எண்ணெய்கூடக்
கேட்கிறமாதிரி இருக்கும்.
முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம்
எனக்கு அங்கேதான் விட்டது,
எந்த வாரம் என்று தெரியவில்லை.

ஒருமுறை மேட்டிலிருந்து அந்தப் பக்கம் இறங்கி
ஆற்றுப் பாலம் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.
கையெழுத்துப் போட மறந்தாகிவிட்டது.
அடுத்த ஞாயிறு டம்பர் சிங்
நோட்டைத் திருப்பிக் காட்டினார்:
உள்ளே ஆறு ஐம்பத்திரண்டு.
வெளியே, வெறும் கட்டம்.
“ஒரு வாரமா உள்ளேதான் இருந்தீங்க, அக்கா,” என்றார்
அவருடைய அரை மலாயில்.
நான் திருத்தவில்லை.

பம்பு கொண்டு வா.
என்னுடையது காற்று விடுகிறது.