கோப்பிக் கொப்பி

மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு முன்னால எங்கட கடை.
இரவு ஒன்பதுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாளைக்கு எத்தனை பேர் கோப்பி கேட்பார்கள் என்று
எழுதத் தொடங்குவன்.

கொப்பி என்று அட்டையில் எழுதியிருந்தன்.
கொம்புக்கு இன்னொரு சுழி போட்டு
டிலுக்சன் அதைக் கோப்பி ஆக்கிவிட்டான்.

ஒரு கப்புக்குத் தூள் பதினெட்டுக் கிராம்.
பால் நூற்றைம்பது மில்லி.
சீனிப் பைக்கட் இரண்டு என்பது முதலாளியின் கணக்கு.
மனிசர் கணக்கு வேற.

செவ்வாய் நீரிழிவு கிளினிக்.
சீனி மிஞ்சும் என்று குறைத்து எடுத்தன்.
பத்து மணிக்கே முடிந்தது.
வெறும் வயிற்றோடு இரத்தம் குடுத்துவிட்டு வந்தவர்கள்
பெண்சாதிமார் நம்பர் எடுக்கப் போன நேரம் பார்த்து
மூன்று மூன்றாய்க் கிழிக்கிறார்கள்.
இப்ப செவ்வாய்க்கு எழுநூறு பைக்கட்.

வெள்ளி பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஈயோட்டம்.
மறுகா தொழுகை முடிந்து
ஒரேயடியாய் முப்பது பேர்.
போயாவுக்கு வெளிநோயாளர் பிரிவு பூட்டு, பாதி போடு.
மழைக்குக் கோப்பி ஓடும் என்று சொல்கிறவர்
கார்த்திகையில் இங்க கடை வைத்துப் பார்க்கட்டும்:
தண்ணி முழங்காலுக்கு ஏறினால்
ஏறாவூரிலிருந்து பால் கொண்டுவரும் நியாஸ் வரமாட்டார்.
கோப்பி கேட்டு நனைந்து வந்தவரிடம்
பிளேன்டீ தரட்டா என்று கேட்கிற என் குரல்
எனக்கே பிடிக்காது.

திங்கள் கணக்கு உதைத்தது.
பில் இருநூற்றுப் பன்னிரண்டு.
தூள் நாலு கிலோ உடைத்தம்,
காலையில் மெசினைக் கழுவிக் கொட்டிய
முதல் இரண்டையும் சேர்த்து
தராசில் மிச்சம் நூற்று நாற்பத்தெட்டுக் கிராம்.
சரி. ஒரு கிராம் பிசகில்லை.
ஆனால் கடதாசிக் கப்
நாலு உறை முடிந்து ஐந்தாவதில் இருபத்தேழுதான் இரிக்கு.
பதினொன்றைக் காணேல்ல.

"பொடியன்ட வேலை," என்றார் சதாகரன் முதலாளி.
ஒரு கப் பதினாறு ரூபா,
பதினொன்றுக்கு நூற்று எழுபத்தாறு,
மாசத்துக்கு என்று பெருக்கத் தொடங்கினார்.
டிலுக்சன் முகத்தைத் துடைக்கும் துணியால்
மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

கோப்பி இல்லாத கப்பைக் களவெடுத்து
அவன் என்ன செய்யப்போறான்?

மற்றநாள் நானே மெசினுக்குப் பக்கத்தில் நின்றன்.
ஏழரைக்கு ஒருவர், பிள்ளைக்கு மாப்பால் கரைக்க.
எட்டேகாலுக்கு ஒருத்தி, குளிசை விழுங்க.
பிறகு கைகட்டி நின்ற ஒரு பெரியவர்,
கேட்கக் கூச்சப்பட்டு முதலில் விலைப் பலகையை
முழுக்க வாசித்தார்.
"தம்பி, சுடுதண்ணி கொஞ்சம்."
பில் மெசினில் அதற்கு ஒரு பொத்தான் இல்லை.

கொப்பியில் ஒரு கோடு இழுத்தன்: சுடுதண்ணி.
முதலாளி பார்த்தார். பதினாறு ரூபா போடுவமா என்றார்.
பிறகு தன்ட தகப்பன் அங்க கிடந்த வருசம்
ஞாபகம் வந்ததோ, போன் வந்ததோ,
வெளியால போய்விட்டார்.

அன்றிலிருந்து மூன்று வாரம்
பதினொன்று, ஒன்பது, பதினாலு, பதினொன்று.
கோப்பியைவிட ஒழுங்காக வருகிறது சுடுதண்ணி.

பின்னேரம் ஐந்து பத்துக்கு ஒரு அக்கா வருவா.
அரைக் கப் காணும் என்பா.
நான் முழுசாய் ஊற்றினால்
பாதியை வாசற் குரோட்டனுக்கு ஊற்றிவிட்டுப் போவா,
சுடுதண்ணி ஆற நின்று.
ஒன்பது நாள் வந்தா.
பத்தாம் நாள் பதினொன்று பத்தாகியது.

வீட்டுக்குப் போனார்களோ.
மற்றதோ.
இரண்டுக்கும் கொப்பியில் விழுவது
ஒன்று குறைவு என்ற அதே இலக்கம்.

நாளைக்குப் புதன்.
தூள் நாலு கிலோ, பால் இருபத்தைந்து லீற்றர்.
சுடுதண்ணிக்குப் பத்து என்று எழுதி,
அழித்து, பதினொன்று என்று எழுதினன்.

டிலுக்சன் எட்டிப் பார்த்தான்.
"பிழையெல்லோ அக்கா?"

"இரிக்கட்டும்," என்றன்.
"ஷட்டரை இறக்கு."