அனுசரித்தல்

களியக்காவிளை. ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடி.
ஷீட்டின் புளித்த வாடை எங்களுக்கு முன்பே படியேறி
பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.
ஏழு நர்ஸுகள். ஐந்து பேர் அந்தப் பக்கம்:
பாறசாலை, உதியன்குளங்கரை, ஒருத்தி நெய்யாற்றின்கரை.
இங்கே ஃபீஸ் இரண்டாயிரம் குறைவு.
பெண்ணானாலும் நான் அவர்களுக்கு ஸாறுதான்.
அது அவர்கள் ஊர் முறை. நான் திருத்தியதில்லை.

இன்றைக்கு விதிகளுக்கான வினைச்சொற்கள்.
ஒபே, கம்ப்ளை, அபைட், கன்ஃபார்ம், அப்சர்வ்.
பலகையில் எழுதிப்போட்டு
பக்கத்தில் மலையாளம் எழுதுங்கள் என்றேன்.
ஐந்து பேனாவும் பெரும்பாலும் ஒன்றையே எழுதின:
அனுசரிக்குக.
அனுசரிக்குக.
கீழே மறுபடியும், அனுசரிக்குக.

சிரித்துவிட்டேன்.
எங்கள் அனுசரிப்பு வேறே, மக்களே.
பஸ்ஸில் ஒதுங்கி மூன்றாம் ஆளுக்கு இடம் விடுவது.
ஒழுகும் ஓட்டுக்கு நேர்கீழே குட்டுவத்தை நகர்த்திவைப்பது.
நாத்தனார் சொன்னது காதில் விழுந்தும்
மீன் கழுவிக்கொண்டே இருப்பது.
உங்கள் சொல் கைகட்டி நிற்கிறது,
எங்கள் சொல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

"ஸாறே, டிக்கற்று கன்ஃபாம் ஆகுன்னது போலெயோ?"
ஜினிஷா.
அது ஓர் எழுத்து வேறே.
இது, எல்லோரும் கோடி உடுத்த கல்யாணத்தில்
நீ மட்டும் பழசு உடுத்தாமல் இருப்பது.
அவள் குறித்துக்கொண்டாள். கோடி என்று மட்டும்.

அப்சர்வை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
இரவு ட்யூட்டி, ஒன்பதாம் கட்டில், மணிக்கொருதரம் நாடி.
நோன்பிருப்பதற்கும் அதே சொல் என்றதும்
ஒரே சத்தம்: நாங்களும் நோம்பு நோக்குவோமே!
பார்ப்பதும் காப்பதும் ஒரே வினை.
பதினொரு வருஷம் இந்தப் பாடத்தை எடுக்கிறேன்,
எனக்குத் தோன்றியதில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஒரு பையன்
முழங்கையில் தொங்கிய ஹெல்மெட்டை
செக்போஸ்ட்டைப் பார்த்ததும் தலைக்கு ஏற்றினான்.
"அது கம்ப்ளை" என்றாள் அனிலகுமாரி.
"அபைட் ஆணெங்கில், அது வீட்டுப்படி வரெ தலையில் இருக்கும்."
புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இல்லை.

ஒபே வைத்து ஒரு வாக்கியம், சொந்தமாக, என்றேன்.
மற்றவர்கள் அம்மாவை, டிராஃபிக் சிக்னலை, கடவுளை எழுதினார்கள்.
அனிலகுமாரி எழுதியது:
ஊசி போட்டது ஆறு மணிக்கென்று எழுதச் சொன்னார் ஹெட் நர்ஸ்.
நான் ஒபே செய்யவில்லை.
ஆறு நாற்பது என்று எழுதினேன்.

அந்த வேலை போன கதையை அவள் எழுதவில்லை.
கேட்டது இவ்வளவுதான்:
"ஸாறே, ஞான் செய்தது இதில் ஏது?
சட்டத்தை ஒபே செய்தேனோ, ஒபே செய்யாதிருந்தேனோ?"
பின்பக்கம் விடைகளைப் புரட்டினேன்.
எட்டாம் பாடத்துக்குப் பத்து கோடிட்ட இடம்,
பத்து விடை. பதினொன்று இல்லை.

மணி பன்னிரண்டே கால்.
பாறசாலை பஸ்ஸுக்காக எல்லோரும் இறங்கினார்கள்.
வருகைப் பதிவேட்டில் வகுப்பு முடிந்த நேரம்
ஒரு மணி என்று எழுதினேன், வழக்கம்போல.
ஓனர் ரசல்ராஜ் முதல் மாதமே சொல்லியிருக்கிறார்:
ஒருமாதிரி அனுசரிச்சுப் போணும், டீச்சரே.

குடையை மறந்தவள் திரும்பி வந்திருந்தாள்.
பதிவேட்டைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நர்ஸின் கண்.
நான் பேனாவை மூடினேன், திறந்தேன்.

"சாரமில்ல, ஸாறே" என்றாள் அனிலகுமாரி.
அவள் பாஷையில் அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தம்.
படியில் அவள் குடை தட்டித் தட்டி இறங்கும்வரை
எனக்கு அது தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.