இளஞ்சிவப்பில் கறுப்புக் கோடு

ராகி அறுத்த வாரமே வந்துவிட்டன.
கெலமங்கலத்தில் கார்த்திகை கடந்தால்
ஆளே போர்வைக்கு வெளியே கை நீட்டுவதில்லை,
எலி பாவம் வெட்டவெளியில் என்ன செய்யும்.
தாள்போருக்கும் தகரக் கொட்டகைக்கும் நடுவே
ஏழு தப்படி.
கொட்டகைக்குள் என் கார்.

என் கார் என்று நான் சொன்னாலே
மாரக்கா வாயைப் பொத்திக்கொள்வாள்.
பதினொரு வருசம் ஓடிய வண்டி,
இரண்டு கை மாறி என் கைக்கு வந்தது,
இன்னும் பதினெட்டுத் தவணை.
டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கையில்
கம்பத்தைச் சாய்த்துவிட்டேன்.
"தை பொறந்து வாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.
தை வரைக்கும் வண்டி நிற்கும்.
நிற்கிற வண்டி வாடகையில்லா வீடு.

தினம் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வை,
என்றான் மெக்கானிக் திம்மராஜ்.
அந்தச் சூட்டுக்குத்தான் வருது, பண்ணாதே,
என்றார் தக்காளி மண்டி குப்பண்ண கவுண்டர்,
போன மார்கழியில் எட்டாயிரம் கொடுத்தவர்.
புகையிலைக் காம்பைத் துணியில் முடிந்து
பேட்டரி மேல் வைத்தேன்.
மூன்றாம் நாள் துணியைக் காணோம்.
புகையிலை அப்படியே இருந்தது.
விஷம் வைக்க மனசில்லை.
சென்ற வருசம் அதைத் தின்றது மாரக்காவின் பூனை,
வைத்தது யார் என்று
அவள் இதுவரை என்னைக் கேட்டதில்லை.

விடிகாலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ்.
ஓசூரில், ஆணி அடித்த பலகை முன் நின்று
ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது கார்களின் நரம்பைக்
கட்டுகிறேன், டேப் சுற்றுகிறேன், தள்ளுகிறேன்.
கண்ணை மூடினாலும் நிறம் ஓடும்.
அதனால்
பானெட்டைத் தூக்கியதுமே தெரிந்தது
இளஞ்சிவப்பில் கறுப்புக் கோடு.
இடது ஹெட்லைட்டுக்குப் போகிற கம்பி.
பச்சையைத் தொடவில்லை, நீலத்தை மோந்ததோடு சரி.
ஓர் அங்குலம், செம்பு தெரிய,
எங்கள் லைன் லீடர்கூட
இவ்வளவு சுத்தமாய் உரிக்கமாட்டார்.

ஏர் ஃபில்டரைத் திறந்தேன்.
ராகித் தாள், புகையிலை முடிந்த துணி,
என் எல்.எல்.ஆர். ஜெராக்ஸ்.
கொறித்தது போக
என் இடது கண் மட்டும் மிச்சம்.
அந்தக் கண்ணுக்குக் கீழே ஆறு குட்டிகள்
விரல்நுனி அளவு,
இளஞ்சிவப்பு.
திறக்காத இமைகளுக்குள்
கறுப்புக் கோடு.

பெட்டியோடு தூக்கிப்போய்ப்
போரின் ஓரத்தில் வைத்தேன்.
பனி சொட்டிக்கொண்டிருந்தது.
மேலே ஒரு கோணிப்பையும் போட்டேன்,
எதற்கு என்று தெரியாமல்.
காலையில் கோணி விலகியிருந்தது, பெட்டி காலி.
தாய் கவ்விக்கொண்டு போயிருக்கலாம்.
கூகை வந்திருக்கலாம்.
பஸ் வருவதற்குள் எதையும் முடிவு செய்யவில்லை.

அன்று ஷிஃப்டு முடிகையில்
இரண்டு முழம் டேப்பை
சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டேன்.
கேட்டில் பையைத் துழாவிய செக்யூரிட்டியம்மா
விரலைப் பார்த்து
"காயமாம்மா?" என்றாள்.
"ஆமாங்க."
"மஞ்சள் வச்சுக் கட்டு, பனியில ஆறாது."
ராயக்கோட்டை ரோடு முழுக்க
அந்த மஞ்சள் என்னோடு வந்தது.

வீட்டில் பிரித்தபோது விரல்
ஊறவைத்த மொச்சை போல வெளுத்திருந்தது.
கம்பியை முறுக்கி, சுற்றி, இறுக்கினேன்.
காற்று போகும் வாய்க்குக் கம்பிவலை அடித்தேன்.
பானெட்டைத் திறந்தே விட்டு
நாற்பது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன்,
வெளிச்சத்தில் குடித்தனம் வைக்காதாம்.
தெருவே பார்த்துப் போனது,
பல் டாக்டரிடம் உட்கார்ந்தது போல என் வண்டி.

ராத்திரி ஒன்பதுக்கு,
இறக்கிப் பார்ப்போம் என்று பானெட்டை மூடி,
சீட்டில் ஏறி, சாவியைத் திருப்பினேன்.
இரண்டு விளக்கும் எரிந்தன.
இடதும்.
ஏழு தப்படிக்கு அப்பால், போரின் நெற்றியில்
இரண்டு பொட்டு வெளிச்சம்
நகராமல் என்னையே பார்த்தது.

எதிரே ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும்?
தையில் கேட்பார்கள்.
டிம் செய்தேன்.