வால்வு மூடியிருக்கும்போது

வாசல்வழி வரும் என்று நினைத்து
மணல்மூட்டை வாங்கி அடுக்கியிருந்தேன்.
அது கக்கூஸ்வழி வந்தது.

காரைக்குடி, செக்காலைக்குப் பின்தெரு.
ஐப்பசி.
பேஸ்மென்டில் பதினொரு டைப்ரைட்டர்கள்,
அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிய இருபத்தாறு பேர்.
தரைச் சல்லடை முதலில் குமிழிட்டது,
உலை கொதிக்கிற மாதிரி, அவசரமில்லாமல்.
பிறகு தெருவே இறங்கி வந்தது.
யார் வீட்டுத் துணி துவைத்த நுரையோ,
யார் மென்று துப்பிய முருங்கைச் சக்கையோ.
மற்றதைச் சொல்லவேண்டாம்.

விடிந்ததும் சூசைராஜ் வந்து
கம்பியை விட்டுத் துழாவினார்.
"உங்க வீடு தாழலைங்க சிகப்பி டீச்சர்.
ரோடு ஏறிப்போச்சு."
எண்ணிப் பார்த்தோம்.
ஒன்பது வருஷத்தில் நாலு தடவை
பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டிருக்கிறார்கள்.
பாதாளச் சாக்கடை மூடி இப்போது
என் ஜன்னல் மட்டத்துக்கு வந்து
உள்ளே எட்டிப் பார்க்கிறது.
"தண்ணிக்கு அட்ரஸ் தெரியாதுங்க,
மட்டம்தான் தெரியும்."

ஒரு வால்வு வைத்தார்.
உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மடல்.
போகிறதற்குத் திறக்கும்,
திரும்பி வந்தால் சாத்திக்கொள்ளும்.
பன்னிரண்டாயிரம். பள்ளம் தோண்டியது தனி.

கார்த்திகையில் மறுபடி பிடித்துக்கொண்டது.
டார்ச்சோடு படியில் உட்கார்ந்திருந்தேன்.
பதினொன்றேகாலுக்குத் தரைக்கடியில்
டப் என்று ஒரு சத்தம்.
என்னையறியாமல் கை தட்டினேன்,
அந்த நேரத்தில், தனியாக.

பத்து நிமிஷம்கூட இல்லை.
சல்லடை குமிழிட்டது.
குனிந்து மோந்தேன்.
சந்தனச் சோப்பு.

மாடிக்கு ஓடினேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்து வந்த செந்தாமரை
தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"ஊத்தாதே! வெளியே போக வழியில்லை,
நீ ஊத்துறது எனக்கு வருது!"

ஊரைச் சாத்தியாயிற்று.
சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம்
நாங்கள் இருப்பதை
சூசைராஜும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

துண்டைச் சுற்றிக்கொண்டு நைட்டியோடு வந்து
என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.
இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள்;
வாடகை தவிர
நாங்கள் பேசியது கிடையாது.
"கண்ணு எரியுதா?"
"எரியுது."
மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.
யாருக்கோ இன்று மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியதாகச் சொன்னாள்.
டைப் அடிக்கக் கற்றுக்கொள்ள
எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள்.
நுரை காதோரம் காய்ந்து வெள்ளையாகிவிட்டது.

ஒரு மணிக்கு மேல் மழை விட்டது.
அதற்கும் வெகுநேரம் கழித்து
அடியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.
அவள் மேலே போனாள்.
நான் சல்லடைக்குப் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு.

"ஒரு கப்பு ஊத்தவா?"
"ஊத்து."
குழாய்க்குள் அது இறங்குவது கேட்டது,
தாண்டிப் போவதும்.
"போச்சு!" என்று கத்தினேன்.
"இன்னொண்ணு?"
"ஊத்து, ஊத்து."