கருவாடு காயாத நாட்கள்

எங்கள் ஊரில் வெயிலிலிருந்து
முதன்முதல் கரண்ட் எடுத்தது யானைக்காக.
வேலியோரம் ஒரு தகடு, ஒரு பெட்டி,
இரவு முழுக்க டிக், டிக் என்று
ஆருக்கும் விளங்காத ஒரு கணக்கு.

அந்தத் தகட்டைப் பார்த்துத்தான்
புவனேந்திரன் கேட்டான்:
யானையை மறிக்கிற வெயில்
பாரை மீன் பழுதாவதை மறிக்காதா?

சிரித்தோம். பிறகு
அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின்
திறப்பைத் தேடத் தொடங்கினோம்.

நான் செயலாளர்,
கையெழுத்து வாசிக்கக்கூடியதாய் இருந்த குற்றத்துக்கு.
இது
சீ.ஆர். கொப்பியில் நான் எழுதாத பகுதி.

வந்தவர் நாற்பத்தொன்று.
தேநீர் முடிந்த பிறகும்
இருபத்தாறு பேர் இருந்தார்கள்.
பெயர் வைக்கவே ஒரு மணித்தியாலம்.
கதிரவன் என்றால் கட்சி மாதிரி என்றார் ஜெனூபா ரீச்சர்.
கதிர் என்றால் நெல்லா, வெயிலா என்றார் மஹ்ரூப்.
ஒரு வரி இடம் விட்டேன்.
இன்னும் அப்படியே கிடக்கிறது.

எங்களுக்கும் கம்பி உண்டு.
கம்பியின் கடைசி ஊர் நாங்கள்.
பொழுதுபட்டால் பல்ப் முட்டை மஞ்சளாகும்,
ஐஸ்பெட்டி கொஞ்சம் முனகும்,
படுத்துவிடும்.
குடாவுக்கு அப்பால் துறைமுகத்து விளக்குகள்
தண்ணீரில் கால் நீட்டிக் கிடக்கும்.

ஐஸ் அங்கிருந்துதான் வருகிறது,
கொட்டியாரக் குடாவைச் சுற்றி,
பாதி வழியிலேயே தண்ணீராகி.
மிச்சப் பாதிக்கு
ரூபசிங்கத்தின் லொறி வைத்ததுதான் விலை.

ரூபசிங்கமும் வந்திருந்தார்,
பின்வரிசைக் கதிரையில், கால்மேல் கால்.
தகடு உடைந்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டார்.
நல்ல கேள்வி.
கேள்வி கொப்பியில் இருக்கிறது.

நகரத்திலிருந்து வந்த பொறியியலாளர் சஞ்சீவன்
மடிக்கணினியில் அட்டவணை காட்டினார்.
எத்தனை தகடு, எத்தனை அலகு,
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஐஸ்.
மாரியில்? என்றாள் தவமலர்.
கருவாடு போட்டு விற்கிறவள்.
அவர், சராசரியாகப் பார்த்தால், என்று தொடங்க
சராசரியில மீன் காயாது தம்பி என்றாள்.

பைக்குள்ளிருந்து எடுத்தாள்
போன வருடத்து நாட்காட்டி.
கருவாடு காயாத நாள்களுக்கெல்லாம்
பென்சில் வட்டம்.
கார்த்திகையில் பதினாறு.
மார்கழியில் பத்தொன்பது.
தையில் ஏழு.
ஆடியில் ஒன்றே ஒன்று:
அது மேகமில்லை, மகனுக்குக் காய்ச்சல்,
நான் போடயில்ல.

சஞ்சீவன் மடிக்கணினியை மூடினார்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
திரும்பத் திறந்து
ஒரு வெறும் பக்கத்தில்
வட்டங்களை ஒவ்வொன்றாய் ஏற்றினார்.
ஆடியை மட்டும் விட்டுவிட்டார்.

பெரிய தராசில்
அவருடைய அட்டவணையும் அவளுடைய பென்சிலும்
இரண்டு தட்டில் இருந்தது போல
எனக்கு ஒரு கணம் தோன்றியது.
அப்படியெல்லாம் அறிக்கையில் எழுத ஏலாது.
எழுதியது: மாரிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.
என்ன ஏற்பாடு?
கடற்காற்று என்றான் புவனேந்திரன்.
என்ட லொறி என்றார் ரூபசிங்கம்.
இரண்டையும் எழுதினேன்.

பங்கு ஒன்று இரண்டாயிரம்.
முதலில் எழும்பியவர் மஹ்ரூப்:
பாதி இப்ப, பாதி இறால் பட்டால்.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் காபன் தாள் இல்லை,
இரண்டு தரம் எழுதினேன்.
தாளில் மீன் வாடை,
எண்ணிய என் விரலிலும்.

தவமலர் பங்கு எடுக்கவில்லை.
தை போகட்டும், பார்ப்போம் என்றாள்.
நாட்காட்டியைத் திருப்பி வாங்க
மறக்கவில்லை.

ஒன்பது பங்கு. பதினேழாயிரம் ரூபாய் கையில்.
ஒரு தகட்டுக்கே காணாது.
கட்டடத்தைப் பூட்டி வெளியே வந்தபோது
வேலி தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டம் போயா அன்று.
நடந்து வர நிலவு இருக்கும்,
மழை இல்லாவிட்டால்.